மலைக்குப் போகும் முன்

தம்பி,

வெள்ளிவிழா மலருக்காக என்னிடம் நான்கு பக்கம் கேட்டார்கள். 'கல்லூரி தோன்றிய வரலாறு' என்று தலைப்பையும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் வரலாறு நடத்தியவனுக்கு நான்கு பக்கம் ஒரு பெரிய வேலையா என்று நினைத்துதான் போன வாரம் உட்கார்ந்தேன். முதல் பக்கம் தடையில்லாமல் ஓடியது. இரண்டாம் பக்கத்தில் முதல் ஆண்டு மாணவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. அதற்குள் செவ்வாய்க்கிழமை மாலை நீ வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, ராமாயி இருக்கிற இடம் தெரிஞ்சிபோச்சிப்பா. வெள்ளிமலை பக்கம்தானாம். ஞாயித்துக்கெழம நேர்லயே போய் விழாப் பத்திரிகை வெச்சி, ஒரு சால்வையும் போட்டுட்டு வரேன்" என்று சொன்னாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான் தலையை ஆட்டினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்ல முடியாததை எழுதிக் கொடுக்கிறேன். எழுபத்தாறு வயதில் இதுகூடச் செய்யாவிட்டால் பிறகு எப்போது செய்வது? இதை முழுதாகப் படித்துவிட்டு மலைக்குப் போ. மலர்க்குழுவுக்கும் இதையே கொடுத்துவிடு. வேறு வரலாறு என்னிடம் இல்லை.

கல்லூரி எப்படி ஆரம்பித்தது என்று மேடையில் நான் சொல்லக் கேட்டுக் கேட்டு உனக்கு மனப்பாடம். ஆனாலும் மலரில் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அப்போது நான் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியன். நமக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு போனால் டிராக்டர் வரிசையில் அரைநாள் நிற்க வேண்டும். அப்படி ஒரு வரிசையில், மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கபூர் பாயோடு பேச்சு ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவருக்குக் கடை. மலையிலிருந்து வரும் புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். அந்த வரிசையில் யாருக்கோ வண்டிவாடகை பேச வந்திருந்தார். ஊரெல்லாம் பொறியியல் கல்லூரி கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கோ தமிழும் வரலாறும் ஆங்கிலமும் மட்டும் சொல்லிக் கொடுக்கிற ஒரு சின்னக் கல்லூரி வேண்டும் என்று ஆசை. மலைப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ போய்ப் படிக்க வீட்டில் விடுவதில்லை, அடிவாரத்திலேயே ஒரு கல்லூரி இருந்தால் இறங்கி வருவார்கள் என்று நான் சொன்னேன். பாய் சிரிக்காமல் கேட்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மற்றவர்களெல்லாம், வரலாறு படிச்சிட்டு எவன் வேலை குடுப்பான் வாத்தியாரே என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

கச்சிராயபாளையம் போகிற சாலையில் நிலக்கடலை மூட்டை அடுக்கிவைக்கக் கட்டி, சும்மா கிடந்த தன் மல்லாட்டைக் குடோனை பாய் கொடுத்தார். நடுவில் தட்டி அடித்து மூன்று வகுப்பாகப் பிரித்தோம். எடை போடுகிறவன் உட்காரும் சின்ன அறை கரஸ்பாண்டென்ட் அறை ஆயிற்று. கரஸ்பாண்டென்ட், அதாவது தாளாளர், நான்தான். வேலையை விட்டுவிட்டு வந்து அந்த அறையில் உட்கார்ந்தேன். முதல் மழைக்காலம் முழுக்க வகுப்பில் மல்லாட்டை வாடை. தமிழ் நடத்திய அம்மாவுக்கு அந்த வாடையில் தலைவலி வந்துவிடும், ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டதில்லை. பல்கலைக்கழகம் முதலாண்டுக்குத் தற்காலிக அனுமதிதான் கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் கமிஷன் வந்து பார்க்கும், ஒவ்வொரு பாடத்திலும் இருபது பேராவது இருக்க வேண்டும், நூலகம் இருக்க வேண்டும், பதிவேடு சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாடத்தை மூடிவிடுவார்கள் என்று சொன்னார்கள். தமிழில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் எப்படியோ சேர்ந்துவிட்டது. வரலாற்றில் பதினெட்டோடு நின்றுபோனது. வரலாற்றுக்காகவே கல்லூரி தொடங்கியவனுக்கு வரலாற்றில் ஆள் இல்லை.

பத்தொன்பதாவது ஆளாக உன்னைச் சேர்த்தேன். நீ கோயம்புத்தூருக்கு விவசாயக் கல்லூரிக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருந்தாய். உனக்கு மண்ணில் ஆசை. கொல்லையில் எந்தச் செடிக்கு என்ன நோய் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உன் அம்மா என்னிடம் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், புள்ள ஆசப்பட்டத படிக்க வெச்சா இன்னா என்று. ஒரு வருஷம் மட்டும் நம் கல்லூரியில் இருக்கட்டும், அனுமதி வந்ததும் அடுத்த வருஷம் கோயம்புத்தூர் அனுப்புகிறேன் என்றேன். அடுத்த வருஷம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. பிறகு நீ எம்.ஏ. முடித்து, இங்கேயே வாத்தியாராகி, பிள்ளைகளுக்குப் பிடித்த வாத்தியாரும் ஆகிவிட்டாய். அதனால் என் தப்பு தப்பில்லாமல் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. அப்படி இல்லை. ஒரு பிள்ளையை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை முதலில் உன்னை வைத்துதான் பழகினேன். அடுத்ததைச் செய்தபோது நான் தயங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இருபதாவது பெயர் ராமாயி. அவளைக் கொண்டுவந்தது பாய். அவளுடைய அப்பா வருஷா வருஷம் பாய் கடைக்குக் கடுக்காய் கொண்டுவந்து போடுகிறவர். பெண் பன்னிரண்டாவது பாஸ் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லப்போக, பாய் விடவில்லை. கச்சிராயபாளையத்தில் இருந்த அவளுடைய அத்தை வீட்டில் தங்கிப் படிக்கட்டும், நான் பொறுப்பு என்று சொல்லி, தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களோடு நடந்து வந்து என் அறையில் உட்காரவைத்தார். முதல் நாள் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு வரலாறு படிக்க வந்தாய் என்று கேட்டதற்கு, எங்க மலையப் பத்தி புஸ்தகத்துல ஒண்ணுமே இல்லீங்களே, அதான் என்று சொன்னாள். அன்றைக்கு சாப்பிடும்போது அதை உன் அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மலைப் பிள்ளைகளுக்காகத் தொடங்குகிறோம் என்று அனுமதிக்கு எழுதியபோது பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அந்த வருஷம் மலையிலிருந்து இறங்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், இந்தப் பக்கம் எத்தனையோ கல்லூரிகளில் இருந்த வழக்கம். சேரும்போது பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொள்வது. சரிபார்க்க என்று சொல்லித்தான் வாங்குவோம், ஆனால் படிப்பு முடியும்வரை திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரிஜினல் நம்மிடம் இருந்தால் பிள்ளை வேறு கல்லூரிக்கு ஓட முடியாது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் வேறொரு கல்லூரியின் கரஸ்பாண்டென்ட். கல்லூரி நடத்தணும்னா இதுதான் முதல் பாடம் என்றார். நானும் உடனே பீரோ வாங்கினேன். பாய் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அவருடைய மச்சான் ஒருத்தர் சவுதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "அங்க பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிக்குவாங்களாம் வாத்தியாரே. நீங்க பண்றதும் அதேதான்" என்றார். வியாபாரிக்குக் கல்லூரி நிர்வாகம் என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ராமாயி காவலர் தேர்வு எழுதினாள். அவளுக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததும், பழைய வினாத்தாள் தேடிக் கொடுத்ததும் நீதான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு திங்கட்கிழமை உடல் தகுதித் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் என்று கடிதம் வந்தது. அந்த வாரம் புதன்கிழமை நீ என்னிடம் வந்து, "அப்பா, திங்கக்கெழம ராமாயிக்கு வெரிஃபிகேஷன். ஒரிஜினல் எடுத்துக் குடுத்துடுங்க. நான் அவகிட்ட சொல்லிட்டேன், பயப்படாத, அப்பா குடுத்துடுவாருன்னு" என்று சொன்னாய். சரி என்றேன். உன் எதிரில் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அதே காலையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்தும் கடிதம் வந்திருந்தது. அடுத்த புதன்கிழமை கமிஷன் வருகிறது. அதை நான் உனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் உன்னைச் சென்னைக்கு அனுப்பினேன். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வேண்டும், பாயுடைய சரக்கு லாரி போகிறது, அதில் ஏறிப் போ, பழைய புத்தகக் கடைகளில் நல்லதாகப் பொறுக்கி எடு, அவசரமில்லை, லாரி திரும்பும்போது வந்தால் போதும் என்றேன். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகம் தேவைதான், பொய்யில்லை. ஆனால் வேறு யாரை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். நீ ஊரில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் உன்னை அனுப்பினேன். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சென்னைப் பயணத்தை, அப்பா என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை என்று நீ பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தாள். எழுத்தர் தணிகாசலத்திடம் நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன், யார் கேட்டாலும் சார் ஊரில் இல்லை, பீரோ சாவி அவரிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடு என்று. அவர் அப்படியே சொன்னார். நான் எடை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு பலகைக் கதவுதான். அவர் சொன்னதும் கேட்டது, அவள் சொன்னதும் கேட்டது. சார் புள்ள சொல்லிட்டுதான் போயிருக்காருங்க, குடுத்துடுவாரு, நான் உக்காந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு எதிரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்புக்கும் போகவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. நான் ஒன்றுக்குப் போகக்கூட முன்பக்கம் வர முடியாமல், மூட்டை ஏற்றுகிற பின்பக்க ஷட்டரை அரையடி தூக்கி, குனிந்து வெளியே போய்விட்டு வந்தேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஒரு கல்லூரியின் தாளாளர், ஒரு பெண்ணுக்குப் பயந்து தரையோடு தரையாகத் தவழ்ந்தேன். நான்கு மணிக்கு அவள் எழுந்து போனாள். சனிக்கிழமையும் வந்தாள். சனிக்கிழமையும் நான் உள்ளேதான் இருந்தேன்.

நீ இப்போது ஒரு கேள்வி கேட்பாய், எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வெரிஃபிகேஷன், புதன்கிழமை கமிஷன். வெள்ளிக்கிழமை கொடுத்தால் செவ்வாய்க்கிழமை அவள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருப்பாளே, கொடுத்தால் என்ன? கொடுத்திருக்கலாம். இந்தக் கணக்கு தெரியாதவன் இல்லை நான். ஆனால் அவள் தேறிவிட்டால் போய்விடுவாள். பத்தொன்பது ஆகிவிடும். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. மலைப் பிள்ளைகளுக்கான கல்லூரி என்று கமிஷனிடம் காட்ட என்னிடம் இருந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய சாதிச் சான்றிதழ் அந்தக் கோப்பில் இருந்தால்தான் நான் எழுதிய பக்கங்களுக்கு அர்த்தம். மலைப் பிள்ளைகள் முன்னேறட்டும் என்று கல்லூரி தொடங்கினேன். முன்னேறப் போன ஒரே மலைப் பிள்ளையைக் கல்லூரிக்காக மறித்தேன். இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது இது எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டுமே, சின்ன வயசுதானே என்றுதான் தோன்றியது. மற்றவர்களுடைய ஒரு வருஷம் நமக்கு எப்போதும் சின்னதாகத்தான் தெரிகிறது.

திங்கட்கிழமை அவள் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போயிருக்கிறாள். ஒரிஜினல் இல்லாமல் மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. பிறகு அவள் கல்லூரிக்கு வரவேயில்லை. நீ செவ்வாய்க்கிழமை புத்தக மூட்டைகளோடு வந்து இறங்கியதும் முதலில் கேட்டது அவளைத்தான். குடுத்துட்டேன்டா, வாங்கிக்கினு போயிட்டா, செலக்ட் ஆயிட்டாளாம் என்று சொன்னேன். நீ அங்கேயே மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னாய்; அவள் மரத்தடியில் காத்திருந்ததைப் பார்த்தவர்களும் கடைசியில் நான் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தார்கள், எல்லோரும் கைதட்டினீர்கள். மறுநாள் கமிஷன் வந்தது. தலைவராக வந்த பேராசிரியர் கோப்பைப் புரட்டி, அவளுடைய சான்றிதழ்களில் நிறுத்தி, மலைவாழ் மாணவியா, நல்ல மார்க், எங்கே அந்தப் பெண் என்று கேட்டார். காய்ச்சல், வீட்டில் இருக்கிறாள் என்றேன். நல்ல பணி செய்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நிரந்தர அனுமதி வந்தது. மலரில் அந்த அனுமதிக் கடிதத்தைப் படமாகப் போடப் போவதாகச் சொன்னார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா மட்டும் வந்தார். அன்றைக்கு வகுப்பெல்லாம் முடிந்து நீங்கள் போய்விட்டீர்கள். இனிமேல் கொடுத்தால் என்ன என்று தணிகாசலத்திடம் சாவியைக் கொடுத்தேன். அவர் சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்து, பதிவேட்டில் கைரேகை வாங்கினார். அந்த மனுஷருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தத் தாளுங்க அந்த போலீசு வேலைக்குக் கேட்டது?" என்று கேட்டார். எல்லாமேதான் என்று தணிகாசலம் சொன்னார். அப்படிங்களா என்று ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அவர் நேராக பாய் கடைக்குப் போயிருக்கிறார். மறுநாள் பாய் வந்தார். அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். "நான் பொறுப்புன்னு சொல்லிக் கூட்டியாந்தேன் வாத்தியாரே. இனிமே அந்த ஆளு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். அவ்வளவுதான். கல்லூரியை நடத்த நாங்கள் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து விலகிக்கொண்டார். குடோனைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் கடைசிவரை நம் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. வயதாகிவிட்டதால் ஓய்வு பெற்றார் என்று பத்தாம் ஆண்டு விழாவில் வாசித்தேனே, அது நான் எழுதியது. இடத்தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டதையும் நான் மறுக்கவில்லை.

என் பொய் உன்னிடம் போய் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். நீ வாத்தியாராகச் சேர்ந்த முதல் வருஷமே, நம் கல்லூரியில் யாருடைய ஒரிஜினலையும் பிடித்து வைக்கக் கூடாது என்று என்னிடம் வந்து நின்றாய். நீங்கதானப்பா ராமாயிக்குக் கமிஷன் வர்ற வாரத்துலகூட எடுத்துக் குடுத்தீங்க, அதையே சட்டமா வெச்சிக்கலாமே என்றாய். பீரோவைக் காலி செய்தோம். அப்போதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சேர்க்கையின்போது மலையிலிருந்து வரும் பெற்றோரிடம் நீ இந்தக் கதையைச் சொல்கிறாய். எங்க அப்பா கல்லூரியே போனாலும் பரவாயில்லைன்னு ஒரு பொண்ணுக்கு சர்டிபிகேட் எடுத்துக் குடுத்தாரு, அந்தப் பொண்ணு இப்ப போலீஸ்ல இருக்கு என்று சொல்கிறாய். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மலையில் அந்தப் பெயரில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், யாரோ ஒரு ராமாயி என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கதையை நம்பி எத்தனையோ பிள்ளைகள் வந்து சேர்ந்து படித்து முடித்துப் போயிருக்கிறார்கள். நீ நடத்துகிற கல்லூரி நல்ல கல்லூரி, தம்பி. நான் தொடங்கியதுதான் அப்படி இல்லை. நீ கட்டியதில் பாதி என் பொய்மேல் நிற்கிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன் என்று நினைக்கிறேன். இன்னொன்று இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், பிள்ளை சேர்க்கைக்காக நானும் இரண்டு ஆசிரியர்களும் மலை மேலே போனோம். உனக்கு அன்றைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை, வரவில்லை. வெள்ளிமலை தாண்டி ஒரு பள்ளி விடுதியில் தண்ணீர் கேட்டு நின்றபோது, அங்கே சமையல் வேலை பார்க்கிற பெண் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். நான் யார் என்று அவள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அது ராமாயி என்று தெரிய எனக்குத்தான் நேரமாயிற்று. மற்ற இருவரும் தள்ளிப் போனதும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் மரவள்ளி போடுகிறார் என்று சொன்னாள். அந்த வருஷத்துக்கு அப்புறம் வீட்டில் வெளியே விடவில்லை, கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். கோபமே இல்லாமல்தான் பேசினாள். நானும் நாசூக்காக எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அப்போது உன்னைப் பற்றிக் கேட்டாள்.

உங்க புள்ள நல்லா இருக்காருங்களா என்றாள். இருக்கிறான், அங்கேயே வாத்தியாராக இருக்கிறான் என்றேன். "உங்களக்கூட நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. நீங்க பெரியவங்க, ஆயிரம் இருக்கும். அவரு என்கூட படிச்சவரு. நான் வாங்கித் தரேன்னு சொல்லிட்டு, கேக்கறதுக்குப் பயந்துக்கினு ஊர விட்டே போயிட்டாரு பாருங்க, அதான் எனக்கு ஆறவே இல்ல" என்று சொன்னாள். நான் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டான் அம்மா, நான்தான் மாட்டேன் என்றேன், நான்தான் அவனைச் சென்னைக்கு அனுப்பினேன், அவனுக்கு இன்றுவரை தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சு. சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். என் பழியை உன் தலையில் வைத்துவிட்டு, அன்று சாயந்திரம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். போன காரியம் நல்லபடியா முடிஞ்சிதாப்பா என்று நீ கேட்டாய். முடிஞ்சிது என்றேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நீ சால்வையும் பத்திரிகையுமாகப் போய் நிற்கப்போவது, இருபத்தைந்து வருஷமாக உன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் வாசலில். அவள் போலீஸில் இல்லை. நீ சிரித்துக்கொண்டு, மேடம், நம்ம காலேஜ்ல இருந்து போன முதல் போலீஸ் நீங்கதான் என்று ஆரம்பிப்பாய். அதை அவள் எப்படிக் கேட்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பாள்.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அடுத்த மாதம் தாளாளராக இந்த நாற்காலியில் நீ உட்காரப்போவதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்லூரியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாராவது உன்னிடம் வந்தால், யாரிடமிருந்து காப்பாற்றுகிறாய் என்று கேள். நானும் அந்த வாரம் முழுக்கக் கல்லூரியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள்தான் கல்லூரி என்று எனக்குத் தோன்றவேயில்லை. பெற்றோர்களிடம் நீ சொல்கிற கதையையும் இனிமேல் நிறுத்திவிடு. நடந்ததைச் சொல். அதைக் கேட்டும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். இருபது பேர் சேராவிட்டால் சேராமல் போகட்டும்.

பத்திரிகையை வெளியே எடுக்காதே. சால்வையை எடுத்துக்கொண்டே போகாதே. அவளுக்கு வரலாறு நன்றாக வரும், முதல் பருவத் தேர்வில் உன்னைவிட அவள்தான் அதிகம். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, அவளே படிக்கட்டும். நீ பக்கத்தில் நின்று எதையும் விளக்க வேண்டாம், எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவள் படித்து முடிக்கும்வரை இரு, அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். அது எனக்கு வரவேண்டிய பேச்சு என்று இப்போது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நானும் உன்னோடு வருகிறேன். மலைப்பாதை வளைவில் எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், அதெல்லாம் பரவாயில்லை. இதைப் படித்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்ட உனக்குப் பிடிக்காவிட்டால் சொல்லிவிடு, காலை பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறேன். விடுதி வாசலில் மரம் ஒன்றுமில்லை, வெயில்தான். அவள் கூப்பிடுகிறவரை வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குக் கூப்பிடாவிட்டால் மறுநாளும் போய் உட்காருகிறேன்.

அப்பா